ஃபால்ஹார்ன் மலையும் புரோட்டீன் பாரும்

1865ஆம் ஆண்டு லண்டனில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக்கின் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனம், உருகுவே நாட்டின் ஃப்ரே பென்டோஸ் ஊரில் மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சி, அந்தக் கருநிறச் சாற்றை ஜாடிகளில் அடைத்து ஐரோப்பா முழுவதும் விற்றது. லீபிக் அன்றைய அறிவியல் உலகில் அசைக்க முடியாத பெயர். தசை உழைக்கும்போது எரிவது தசையின் புரதமே, ஆகவே உடலால் உழைப்பவர் அந்த இழப்பைப் புரதம் உண்டு ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. முப்பது கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியிலிருந்து ஒரு கிலோ சாறு கிடைக்கிறது என்ற கணக்கு வாங்குபவர்களை மயக்கியது. ஆனால் காய்ச்சி வடிக்கும்போது இறைச்சியின் புரதத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. ஜாடிக்குள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் சுவையும் உப்புகளும்தான். புரதத்தின் புகழை உறையில் போட்டு விற்கும் வணிகத்துக்கு 160 வயது ஆகிறது என்பதைச் சொல்லவே இதை முதலில் எடுத்துக்கொண்டேன்.

அதே 1865 ஆகஸ்ட் மாதம் அடால்ஃப் ஃபிக், யோஹான்னஸ் விஸ்லிசேனஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறினார்கள். ஏறுவதற்கு முந்தைய நாள் நண்பகலிலிருந்து புரதம் உள்ள எதையும் அவர்கள் தொடவில்லை. மாவுச்சத்தைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த அடைகளும் சர்க்கரை போட்ட தேநீருமே உணவு. ஏறும்போதும் ஏறிய பிறகும் தங்கள் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைட்ரஜனை அளந்தார்கள். புரதம் உடலில் சிதைந்தால் அதன் நைட்ரஜன் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். ஆகவே அது நம்பகமான சாட்சி. 66 கிலோ எடையுள்ள ஃபிக் 1,956 மீட்டர் உயரம் ஏறியிருந்தார். அந்த நேரத்தில் அவர் உடலில் சிதைந்த புரதம் சுமார் 37 கிராம். இன்றைய கணக்கில் சொன்னால், அவர் உடலை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 300 கிலோ கலோரி வேலை தேவை. 37 கிராம் புரதம் ஒரு துளி வீணாகாமல் எரிந்தாலும் அதில் பாதியைத்தான் தரும். தசையோ எரியும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை. மறு ஆண்டு எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் உணவுகளின் வெப்ப மதிப்பை நேரடியாக அளந்து இதை உறுதிப்படுத்தினார். மலையேற்றத்துக்கு எரிபொருள் தந்தது அடையிலிருந்த மாவுச்சத்தும் கொழுப்பும். லீபிக்கின் கொள்கை அங்கே உடைந்தது. இறைச்சிச் சாறு மட்டும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து விற்றது.

இந்தப் பழைய சோதனை இன்றைக்கும் பொருந்துகிறது. ஜிம் வரவேற்பறையில், மருந்துக்கடை கல்லாவில், ரயில் நிலையக் கடையில் அடுக்கியிருக்கும் புரோட்டீன் பார்கள் பெரும்பாலும் சக்தி, ஆற்றல், வலிமை என்ற சொற்களோடு விற்கப்படுகின்றன. புரதம் உடலின் முதன்மை எரிபொருள் அல்ல. அது முதலில் கட்டுமானப் பொருள். ஓடவும் தூக்கவும் வேண்டிய ஆற்றலைத் தருவது சோறும் சப்பாத்தியும் வாழைப்பழமும் எண்ணெயும்தான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: கட்டுமானப் பொருளாக ஒருவருக்கு எவ்வளவு புரதம் தேவை, அந்தத் தேவையில் பார் நிரப்பும் இடம் எவ்வளவு? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிலுள்ள புரதம் பொய்யில்லை. சிலருக்குச் சில நேரங்களில் அது உதவும். ஆனால் அதை வாங்கும் பெரும்பாலோருக்குப் புரதக் குறைவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தசையை வளர்க்கும் உழைப்பை உறையில் அடைக்க முடியாது என்பதால், உறையில் அடைக்கக்கூடிய ஒன்றை அந்த உழைப்பின் இடத்தில் வைத்து விற்கிறார்கள்.

நலமான வயது வந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் தரமான புரதம் போதும் என்று ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் நிர்ணயித்தன. 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு இது போதாது என்ற வாதம் நியாயமானது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2018இல் ராபர்ட் மார்ட்டன் குழுவினர் 49 ஆய்வுகளை, 1,863 பங்கேற்பாளர்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பயிற்சியோடு கூடுதல் புரதமும் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடக் கொழுப்பற்ற உடல் எடை சராசரியாக 0.3 கிலோ கூடியது. ஒரே முறையில் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை சுமார் 2.5 கிலோ கூடியது. கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டிய புரதத்தால் மேற்கொண்டு பலன் தெரியவில்லை. புரோட்டீன் பொருள்களை விற்பவர்கள் மேற்கோள் காட்ட விரும்பும் ஆய்வு இது. ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. கூடுதல் புரதம் எதுவும் இல்லாமல், வெறும் பயிற்சியால் மட்டும் அதிகபட்ச எடை சுமார் 27 கிலோ உயர்ந்திருந்தது. வலிமையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இரும்பைத் தூக்கியதால் வந்தது; எஞ்சிய சிறு பங்கே கூடுதல் புரதத்தால் வந்தது. கொத்தனார் வராத மனையில் செங்கலை எத்தனை லாரி இறக்கினாலும் சுவர் எழாது. உடலுக்குக் கொத்தனார் வேலை பார்ப்பது சுமை.

இதை வேறொரு கணக்காலும் சரிபார்க்கலாம். தசையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தண்ணீர். புரதம் ஐந்தில் ஒரு பங்குதான். புதிதாகப் பயிற்சி தொடங்கியவர் ஒரே மாதத்தில் ஒரு கிலோ தசை கூட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அது மிக வேகமான வளர்ச்சி, எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்த ஒரு கிலோவுக்குள் படிந்திருப்பது சுமார் 200 கிராம் புரதம், அதாவது ஒரு நாளைக்கு ஏழு கிராமுக்கும் குறைவு. ஒரு முட்டையில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். உண்ணும் புரதம் முழுவதும் தசையாகப் படிவதில்லை என்பதால் உண்மையான தேவை இதைவிடக் கூடுதலாகும் என்பது சரி. ஆனாலும் அளவு எந்த வரிசையில் இருக்கிறது என்பதை இந்த ஏழு கிராம் காட்டிவிடுகிறது. நம் உடல் ஒவ்வொரு நாளும் 250 முதல் 300 கிராம் வரை தன் சொந்தப் புரதத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறது. பிரிந்த அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றை மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. அந்தச் சிக்கனம் இல்லாமல் போயிருந்தால், பருப்பும் கஞ்சியும் உண்டு வயலில் உழைத்த தலைமுறைகள் நிமிர்ந்து நின்றிருக்க முடியாது.

பயிற்சி முடிந்த அரைமணி நேரத்துக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் உழைப்பு வீண் என்ற பேச்சும் ஜிம்களில் பலமாக இருக்கிறது. பையில் பார் வைத்திருப்பதற்குப் பலர் சொல்லும் காரணமே இதுதான். 2013இல் பிராட் ஷோன்ஃபெல்ட், ஆலன் அரகான், ஜேம்ஸ் கிரீகர் ஆகியோர் இதற்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு நாளின் மொத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்தவுடன் நேரத்தால் வரும் வித்தியாசம் மறைந்துபோனது. 2023இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனையில், பயிற்சிக்குப் பிறகு ஒரே வேளையில் 100 கிராம் புரதம் குடித்தவர்களின் உடல் பல மணி நேரம் நிதானமாக அதைப் பயன்படுத்திக்கொண்டது தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு இரவுச் சாப்பாடு சாப்பிட்டால் போதும். தசை அவசரப்படுவதில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். மார்ட்டன் ஆய்வில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே கிலோவுக்கு 1.4 கிராம் அளவில் புரதம் உண்டவர்கள். இந்தியர்கள் அப்படியா, நாடே புரதப் பற்றாக்குறையில் இருக்கிறதே என்பார்கள். இந்தியர்களில் 73 விழுக்காட்டினருக்குப் புரதம் போதவில்லை என்ற எண் விளம்பரங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி வருகிறது. அது 2017இல் ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் நகரங்களில் எடுத்த கணிப்பு. இதைவிடப் பன்மடங்கு பெரிய வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, 2023-24இல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிராமங்களில் சராசரியாக 61.8 கிராமும் நகரங்களில் 63.4 கிராமும் புரதம் கிடைப்பதாகக் காட்டுகிறது. சராசரி எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதை மறுக்கவில்லை. அந்தப் புரதத்தில் மிகப் பெரிய பங்கு அரிசி, கோதுமை போன்ற தானியங்களிலிருந்து வருகிறது. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் நிறைய உண்டு, மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அது போதுமான அளவு இருக்கிறது. இட்லி மாவில் அரிசியோடு உளுந்து சேர்வதும், சோற்றோடு சாம்பார் சேர்வதும் இந்தக் குறையை ஒன்றுக்கொன்று நிரப்புகின்றன. சாம்பாரில் பருப்பு தண்ணீரளவு நீர்த்துப்போகும் வீடுகளில் அது நிரம்புவதில்லை. அங்கே இருப்பது உண்மையான பற்றாக்குறை. நூறு ரூபாய் கொடுத்து ஒரு பார் வாங்குகிறவரின் வீட்டில் அந்தப் பற்றாக்குறை இருக்க வாய்ப்பு குறைவு.

புரதம் குறைகிறது என்ற அபாய மணி உலக அளவில் முன்பும் ஒருமுறை அடித்தது. அதை அடக்கியதில் சேலத்தில் பிறந்த ஒருவருக்குப் பங்கு உண்டு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1930களில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இன்று கானா என்றழைக்கப்படும் நாட்டில், வீங்கிய கால்களும் செம்பட்டை முடியும் கொண்ட குழந்தைகளின் நோயைக் குவாஷியார்க்கர் என்ற பெயரில் விவரித்தார். அது புரதக் குறைவால் வருவது என்ற கருத்து வலுப்பட்டது. 1955இல் ஐ.நா. அமைப்புகள் புரதத்துக்கென ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தன. 1968இல் உலகம் புரத நெருக்கடியை நோக்கிப் போவதாக ஐ.நா. அறிக்கையே வந்தது. மீன் மாவு, பெட்ரோலியத்தில் வளர்த்த ஈஸ்ட் என்று பல திட்டங்களில் பணம் கொட்டியது. அந்தக் காலத்தில் குன்னூரிலும் பிறகு ஹைதராபாத்திலும் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய மருத்துவர் சி. கோபாலன் குழந்தைகளின் உணவையே நேரில் அளந்து பார்த்தார். குவாஷியார்க்கர் வந்த குழந்தைகளும், எலும்பும் தோலுமாக மெலியும் மராஸ்மஸ் நோய் வந்த குழந்தைகளும் உண்ட உணவில் புரத விகிதத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டார். அந்தக் குழந்தைகளுக்குப் போதாமலிருந்தது மொத்த உணவு. வயிறு நிறையாத உடல், கிடைக்கும் புரதத்தைக் கட்டுமானத்துக்கு விடாமல் எரிபொருளாக எரித்துவிடும். புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மேவும் கணக்குகள் வழியே இதே முடிவுக்கு வந்தார். 1974இல் டொனால்டு மெக்லாரன், லான்செட் இதழில், நடந்த அனைத்தையும் பெரும் புரதப் படுதோல்வி என்றே பெயரிட்டு எழுதினார். பசியைத் தீர்க்க வேண்டிய பணமும் காலமும் புரதத்தைத் துரத்தியதில் கரைந்தன என்பது அவர் குற்றச்சாட்டு. கோபாலன் நூறு வயது வாழ்ந்து 2019இல் சென்னையில் மறைந்தார். பற்றாக்குறை யாருக்கு, எதில் என்று முதலில் அளந்து பாருங்கள் என்பதே அவருடைய ஆய்வு விட்டுச்சென்ற பாடம். இன்றைய புரத விளம்பரங்கள் அந்த அளவீட்டைச் செய்வதில்லை.

பாரின் வரலாறும் தேவையிலிருந்துதான் தொடங்கியது. மராத்தான் ஓட்டக்காரரான கனடா நாட்டு பிரையன் மேக்ஸ்வெல், ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் உடலில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து தடுமாறிய அனுபவத்திலிருந்து, ஓடிக்கொண்டே மெல்லக்கூடிய ஒரு கட்டியை உருவாக்கி 1986இல் பவர்பார் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு உண்மையாகவே பயன்படும் பொருள். ஆனால் உலகில் மராத்தான் ஓடுகிறவர்கள் மிகச் சிலர். 2000இல் நெஸ்லே 37.5 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியபோது, அந்தச் சிலரை நம்பி அவ்வளவு பணத்தைப் போட்டிருக்க முடியாது. ஓடாதவரும் வாங்கினால்தான் கணக்குச் சரிவரும். 2017இல் கெல்லாக் ஆர்எக்ஸ்பாரை 60 கோடி டாலருக்கும், 2022இல் மான்டலீஸ் கிளிஃப் பாரை 290 கோடி டாலருக்கும் வாங்கின. இந்தியாவில் யோகா பார் நிறுவனத்தை ஐடிசி கைக்கொண்டது. மேக்ஸ் புரோட்டீன் பார்களைச் செய்த நேச்சுரெல் நிறுவனத்தை 2024இல் சைடஸ் வெல்னஸ் 390 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. மான்டலீஸ் சாக்லேட் விற்கும் நிறுவனம், ஐடிசி பிஸ்கட் விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரையைப் பற்றி மக்கள் பயப்படத் தொடங்கிய காலத்தில், தின்பண்டத் தொழிலுக்குக் குற்ற உணர்வில்லாமல் வாங்கக்கூடிய ஒரு தின்பண்டம் தேவைப்பட்டது.

உறைக்குள் என்ன இருக்கிறது? நல்ல பார்களில் வே புரதம் இருக்கும். பாலைத் திரித்து சீஸ் எடுக்கும்போது பிரிந்து வரும் தண்ணீரில் இருக்கும் புரதம் அது. பத்து கிலோ பாலுக்கு ஒரு கிலோ சீஸ். மீதி ஒன்பது கிலோவும் அந்தத் தண்ணீர். மேலை நாட்டுச் சீஸ் ஆலைகள் ஒரு காலத்தில் அதை ஆற்றில் விட்டன, பன்றிக்கு ஊற்றின. மென்படலங்கள் வழியே வடிகட்டும் முறை 1970களில் வளர்ந்த பிறகே அது விலைபோகும் பொருளாயிற்று. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கழிவாகப் போனதை உயர்தர உணவாக்கியது பாராட்டத்தக்க தொழில்நுட்பம். வே புரதம் எளிதில் செரிக்கும், எல்லா அமினோ அமிலங்களும் அதில் உண்டு. சிக்கல் பிற பொருள்களில் இருக்கிறது. பல பார்களில் விலை குறைந்த கொலாஜன் சேர்கிறது. தோல், எலும்பிலிருந்து எடுக்கும் இந்தப் புரதத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமே இல்லை. அதனால் தர மதிப்பீட்டில் தனியாக அதற்குக் கிடைப்பது பூஜ்யம். ஆனால் உறையில் அதன் கிராமும் வே புரதத்தின் கிராமும் ஒரே மதிப்பாகவே கூட்டப்படுகின்றன. பார் மாதக் கணக்கில் கல்லாக இறுகாமல் இருக்கக் கிளிசரால், இனிப்புக்கு மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள், நார்ச்சத்துக்காகச் சிக்கரி வேரின் இனுலின் என்று பட்டியல் நீள்கிறது. பார் தின்ற பிறகு வயிறு உப்பிக்கொள்வதாகச் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கடைசி இரண்டும்தான் காரணம். சிறுகுடலில் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயு உண்டாக்குகின்றன.

கிராம் எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 1883இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கிய முறை இன்றும் பரவலாக வழக்கத்தில் இருக்கிறது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் உள்ள வேறெதைச் சேர்த்தாலும் எண் உயரும். 2008இல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். மலிவான தனி அமினோ அமிலங்களைக் கலந்து எண்ணை ஏற்றும் வழக்கம் புரத மாவு வணிகத்தில் இருப்பது தெரிந்த செய்தி. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் உள்ளிட்ட குழு 2024இல் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொருள்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டில் உறையில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சு இருந்தது. அவை மாவுகள், பார்கள் அல்ல. ஆனால் இரண்டும் ஒரே சந்தையில், ஒரே நம்பிக்கையின் பேரில் விற்பவை. பார்களைப் பற்றி 2025இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இன்னொரு கோணத்தைத் திறந்தது. 1,641 பார்களின் தகவல்களைத் திரட்டியதில், பத்தில் எட்டு 'புரதம் மிகுந்தது' என்று சொல்லிக்கொள்ளத் தகுதி பெற்றிருந்தன. அவற்றில் சிலவற்றை ஆய்வகத்தில் செரிக்கவைத்தபோது, செரித்த புரதம் 47 முதல் 81 விழுக்காடு வரைதான். பாரில் கலந்திருக்கும் மற்ற பொருள்களும் புரதம் செரிப்பதைக் குறைக்கின்றன. 'புரதம் மிகுந்தது' என்பதும் பெரிய தகுதி இல்லை. ஐரோப்பிய விதிப்படி ஓர் உணவின் கலோரியில் ஐந்தில் ஒரு பங்கு புரதத்திலிருந்து வந்தால் போதும். அந்த விதியில் நம் துவரம்பருப்பு கலோரியில் கால் பங்குக்கு மேல் புரதமாகக் கொண்டு எளிதில் தேறிவிடும்.

இப்போது பாரின் பக்கமுள்ள வலுவான வாதத்துக்கு வருவோம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் கடுமையாகப் பயிற்சி செய்கிறார், அவருக்கு 1.6 கணக்கில் 104 கிராம் தேவை. நாட்டின் சராசரி 62 கிராம். மீதி 42 கிராம் எங்கிருந்து வரும்? பருப்பும் கடலையும் தின்றால் கலோரி ஏறுமே, இரண்டு பார்களில் 450 கலோரிக்குள் 40 கிராம் கிடைக்கிறதே. இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. 20 கிராம் புரதத்துக்குப் பொட்டுக்கடலை சுமார் 90 கிராம் வேண்டும், அதில் 330 கலோரி ஆகும். நிலக்கடலை என்றால் 480 வரை போகும். ஆனால் மூன்று முட்டையில் 20 கிராமை ஒட்டிய புரதம் இருக்கிறது, கலோரி பாரின் அளவுதான், விலை இருபத்து சொச்சம் ரூபாய். முட்டை தின்னாதவர்களுக்கு மீல்மேக்கர் இருக்கிறது. கொழுப்பெடுத்த சோயாவான அதில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம். காய்ந்த நிலையில் 40 கிராம் எடுத்தால் 20 கிராம் புரதம், சுமார் 140 கலோரி. புரதத்தின் தரமும் பாலை நெருங்குவது. புரதத்தைக் கலோரி கணக்கில் பார்த்தாலும் ரூபாய் கணக்கில் பார்த்தாலும் கடையிலுள்ள பெரும்பாலான பார்களை இது மிஞ்சும். மதியம் மீல்மேக்கர் குழம்பு, இரவு இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், அதற்கேற்ப சோற்றில் ஒரு கரண்டி குறைவு. அந்த 42 கிராம் ஏறத்தாழ நிறைந்துவிடுகிறது.

எடுத்துச் செல்ல எளிது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. நீண்ட ரயில் பயணத்தில் இருப்பவர், இரவுப் பணியில் சாப்பாட்டுக்கு வழியில்லாத செவிலியர், பசியே எடுக்காத புற்றுநோயாளி ஆகியோருக்கு ஒரு நல்ல பார் உதவும், தயங்காமல் சாப்பிடலாம். சாக்லேட்டுக்குப் பதிலாகப் பார் தின்பது மேல் என்ற வாதமும், உண்மையில் சாக்லேட்டுக்குப் பதிலாகத் தின்றால் சரிதான். நடைமுறையில் அது பதிலாக வராமல் கூடுதலாக வருகிறது. 2016இல் யோர்க் கோனிக்ஸ்டோர்ஃபர், ஹான்ஸ் பவும்கார்ட்னர் வெளியிட்ட ஆய்வில், ஒரே நொறுக்குத் தீனியைச் சிலருக்குச் சாதாரணப் பெயரிலும் சிலருக்கு 'ஃபிட்னஸ்' என்ற பெயரும் ஓட்டக் காலணிப் படமும் போட்டும் கொடுத்தார்கள். எடையைப் பற்றிக் கவலைப்பட்டு உணவைக் கட்டுப்படுத்துபவர்கள், ஃபிட்னஸ் உறையைப் பார்த்தபோது கூடுதலாகத் தின்றார்கள். பின்னர் உடற்பயிற்சி சைக்கிளில் குறைவாக மிதித்தார்கள். உடற்பயிற்சியின் அடையாளத்தைத் தின்றதே உடற்பயிற்சியில் ஒரு பகுதியைச் செய்துவிட்ட நிறைவை அவர்களுக்குத் தந்துவிட்டது. என்னை மிகவும் கவலைப்படுத்தும் சான்று இதுதான். பணம் வீணாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்குவதே உழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வது, உடலைத் தேற்ற நினைத்து வந்தவரை அந்த நோக்கத்திலிருந்தே விலக்குகிறது.

உடற்பயிற்சிக் கலாசாரம் நுகர்வுக் கலாசாரமாக மாறுவதற்குக் காரணம் தனிமனிதர்களின் பேராசை என்று நான் நினைக்கவில்லை. தண்டால், பஸ்கி, ஓட்டம், தூக்கம் இவற்றில் விற்க எதுவும் இல்லை. ஒரு ஜிம்முக்குச் சந்தாவில் வரும் வருமானத்துக்கு எல்லை உண்டு. மாவும் பாரும் குடுவையும் விற்றால் மாதாமாதம் திரும்ப வரும் வருமானம். பயிற்சியாளருக்கு விற்பனையில் பங்கு கிடைக்கும்போது அவர் சொல்லும் அறிவுரையும் அந்தப் பக்கம் சாயும். சமூக ஊடகத்தில் உடலைக் காட்டுகிறவர்களின் வருவாய் விளம்பரத்திலிருந்து வருகிறது. பத்து ஆண்டு உழைப்பையும் பரம்பரை வாகையும் விளம்பரப்படுத்த முடியாது, கையிலுள்ள பாரை விளம்பரப்படுத்தலாம். பார்க்கும் இருபது வயது இளைஞனுக்கு உடலுக்கும் பாருக்கும் இடையே ஒரு காரணத் தொடர்பு இருப்பதாகத் தோன்றுகிறது. 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், உடலைத் தேற்றுவதற்காகப் புரத மாவுகளை உண்ண வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன. அந்த அறிவுரை ஜிம் சுவர்களில் ஒட்டப்படவில்லை.

புரதத்தில் உண்மையாகவே கவனம் வேண்டியவர்கள் விளம்பரங்களில் தென்படுவதில்லை. வயது கூடக்கூட, உண்ணும் புரதத்துக்குத் தசை காட்டும் எதிர்வினை மந்தமாகிறது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு பரிந்துரைத்தது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. பல் போன பாட்டிக்குக் காலையில் காபியும் இரண்டு இட்லியும், மதியம் ரசம் சோறு, இரவு கஞ்சி. ஒரு நாளில் முப்பது கிராம் சேருவதே கடினம். தொடைத் தசை கரைந்து, நாற்காலியிலிருந்து எழ முடியாமல், ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறபோதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள் ஆகியோருக்கும் தேவை கூடுதல். தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை கொடுக்கும் திட்டம் 2010இல் வந்தது. தேவை இருக்கும் இடத்துக்கே நல்ல புரதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த வழி என்று அதை நான் மதிக்கிறேன். புரதத்தைப் பற்றிய பேச்சு அங்கிருந்து மேலும் நீண்டிருக்க வேண்டும். நூறு ரூபாய் உறைகளின் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.

கடையில் பாரை எடுத்தால் உறையின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். புரத கிராமை நான்கால் பெருக்கி, மொத்தக் கலோரியால் வகுங்கள். கால் பங்கு தேறாவிட்டால் அது சாக்லேட்டுக்கு நெருங்கிய உறவு. முதல் பொருளாகக் கொலாஜனோ சிரப்போ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஜிம் போகும் பிள்ளை பார் கேட்டால், அவன் மூன்று வேளையும் என்ன சாப்பிடுகிறான், எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று முதலில் கேளுங்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாய் புரதத்துக்கு ஒதுக்க முடிகிற வீடாக இருந்தால், அந்தப் பணத்தில் முதலில் பாட்டிக்குத் தினம் ஒரு முட்டையும், குழைய வேகவைத்த பாசிப்பருப்பும், இரவில் ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள்.